பெயரின் கடைசி அசை: பழனி மலைச் செடிகளும் லத்தீன் இலக்கணமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு துறைகளுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடப்பது. தாவரவியலார் அதை இலக்கணம் என்று ஒதுக்குகிறார்கள். இலக்கணம் வல்லவர்கள் அதைத் தாவரவியல் என்று ஒதுக்குகிறார்கள். செடிகளின் லத்தீன் பெயர்களில் வரும் விகுதிகளே அந்தப் பொருள்.

ஒவ்வொரு செடியின் அறிவியல் பெயரிலும் இரண்டு சொற்கள் உண்டு. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல். இரண்டாவது அந்தப் பேரினத்துக்குள் ஒரு சிற்றினத்தைச் சுட்டும் சொல். நம் மாணவர்கள் இவ்விரண்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இவை பொருளுள்ள தொடர்கள் என்றும், பால், எண், வேற்றுமை ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டவை என்றும் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இலக்கணம் தெரிந்தால் அந்தப் பெயர்கள் பேசத் தொடங்கும். எந்த மலையில் கிடைத்தது, யார் நினைவாக வைத்தது, அவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதெல்லாம் கடைசி அசையில் இருக்கிறது. அந்த அசையைப் படிக்கத் தமிழ் இலக்கணம் கற்ற மாணவருக்கு மிகக் குறைந்த உழைப்பே போதும். இதுவே என் கருத்து. இதற்குப் பழனி மலைகளையே சான்றாகக் கொள்கிறேன். பெயர்களை ஆங்கில ஒலிப்பில் சொல்லாமல் லத்தீன் ஒலிப்புக்கு நெருக்கமாகச் சொல்லப்போகிறேன். அப்போதுதான் விகுதி காதில் தெளிவாக விழும்.

லத்தீனும் தமிழும் சந்தித்த இடம்

லத்தீன் நமக்கு அந்நிய மொழிதான். ஆனால் தமிழோடு அதற்குள்ள உறவு பழையது. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அது லத்தீனில் எழுதப்பட்டது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது, அதுவும் லத்தீனில்தான். தமிழின் வேற்றுமைகளை ஐரோப்பியருக்கு விளக்க, அவ்விருவரும் லத்தீன் வேற்றுமைகளைத் துணைக்கு அழைத்தார்கள். இன்று நாம் அதே பாதையில் எதிர்த்திசையில் நடக்கலாம். லத்தீன் வேற்றுமைகளைத் தமிழ் மாணவருக்கு விளக்கத் தமிழ் வேற்றுமைகளையே துணைக்கு அழைக்கலாம்.

பழனி மலைக்கு லத்தீன் இரண்டு வழிகளில் ஏறியது. முதல் வழி தாவரவியல். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட் 1836-இல் இம்மலைகளுக்கு வந்து செடிகளைத் திரட்டினார். இரண்டாம் வழி சமயம். 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. அங்கே வந்த குருமாணவர்களுக்கு லத்தீன் அன்றாடப் பாடம். அவர்களுள் சிலர் வழிபாட்டுக்குக் கற்ற லத்தீனைச் சோலைக்காட்டுக்கும் எடுத்துச் சென்றார்கள். பழனி மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டிய லூயி ஆங்கிலாடு அடிகள் அந்த மரபினர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரத் தொகுப்பகத்தை உருவாக்கிய கே. எம். மேத்யூ அடிகளும் அந்த மரபினர். அவருடைய பழனி மலைத் தாவரநூல் 1999-இல் வெளிவந்தது; இம்மலைகளின் செடிகளைப் பற்றிப் பேசும் எவரும் அதை விட்டு விலக முடியாது.

இந்த லத்தீன் வெறும் அலங்காரமன்று. ஒரு புதிய செடிக்குப் பெயர் வைத்தால் அதன் விவரிப்பை லத்தீனில் எழுதியே ஆகவேண்டும் என்ற விதி 1935 சனவரி 1 முதல் 2011 இறுதி வரை நடைமுறையில் இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று விதி தளர்ந்தது. பெயருக்கு மட்டும் தளர்வு இல்லை. பெயர் இன்றும் லத்தீன் இலக்கணப்படியே நடக்க வேண்டும்.

பால்: நல்லன், நல்லள், நல்லது

லத்தீனில் மூன்று பால்கள்: ஆண்பால், பெண்பால், அலிப்பால். பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப அதனோடு வரும் அடைச்சொல்லும் மாறும். நல்லது என்ற பொருளில் ஆண்பாலுக்கு 'போனுஸ்', பெண்பாலுக்கு 'போனா', அலிப்பாலுக்கு 'போனும்'. தமிழில் 'நல்ல' என்ற பெயரெச்சம் எதற்கும் மாறுவதில்லை. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்றே சொல்கிறோம். அதனால் இது கடினம் என்று மாணவர் நினைக்கலாம். ஆனால் நம் குறிப்பு வினைமுற்றை நினைத்துப் பாருங்கள். அவன் நல்லன், அவள் நல்லள், அது நல்லது. அவன் கரியன், அவள் கரியள், அது கரியது. பண்பைச் சொல்லும் சொல், எழுவாயின் பாலுக்கு இசைந்து விகுதி மாறுவது நமக்குப் பழகிய செயல். லத்தீன் அதையே அடைச்சொல்லில் செய்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் இருத்த வேண்டும். தமிழில் பால் பொருளைப் பின்பற்றுகிறது. செடியும் கல்லும் மலையும் அஃறிணையே. லத்தீனில் பால் சொல்லைப் பின்பற்றுகிறது. மரம் என்னும் 'ஆர்போர்' பெண்பால்; மலை என்னும் 'மோன்ஸ்' ஆண்பால். ஆகவே ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் அதன் பாலைத் தனியே அறிய வேண்டும். முதற்சொல்லின் ஒலி நம்மை ஏமாற்றும். இரண்டாம் சொல்தான் உண்மையைச் சொல்லும்.

கொடைக்கானலைச் சுற்றி நடப்பட்ட பைன் மரங்களுள் ஒன்று 'பீனுஸ் பட்டுலா'. 'உஸ்' என்று முடிவதால் பீனுஸ் ஆண்பால்போல் தோன்றுகிறது. ஆனால் மரப்பெயர்களைப் பெண்பாலாகக் கொள்வது பழைய ரோமானியர் வழக்கு. அதனால் அடைச்சொல் பட்டுலா எனப் பெண்பாலில் நிற்கிறது. நம் அரசமரமும் அப்படித்தான்: 'ஃபீகுஸ் ரெலிகியோசா'. ஆனால் உருத்திராட்சக் குடும்பத்து மரமான 'எலேயோகார்ப்புஸ் செர்ராட்டுஸ்' ஆண்பாலில் நிற்கிறது. காரணம், அந்தப் பேரினப் பெயரின் இறுதிச் சொல் கனி என்ற பொருளுடைய கிரேக்கச் சொல். கிரேக்கத்தில் அது ஆண்பால். கூட்டுச்சொல் தன் இறுதிச் சொல்லின் பாலையே பெறும். மழைக்காலத்தில் இம்மலையின் ஈர நிலங்களில் பாம்பு படமெடுத்ததுபோல் பூக்கும் 'அரிசேமா டோர்ட்டுவோசும்' இன்னொரு பாடம். 'ஆ' என்று முடிந்தாலும் அது கிரேக்க வழி வந்த அலிப்பால் சொல். அதனால் அடைச்சொல் 'உம்' பெறுகிறது.

காட்டுப்பூவரசையும் மலைச் செண்பகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் சோலை மரங்கள். இரண்டும் நீலகிரியின் பெயரைத் தாங்குபவை. காட்டுப்பூவரசு 'ரோடோடென்ட்ரோன் ஆர்போரேயும்' என்ற சிற்றினத்தின் கிளையினம். அந்தக் கிளையினத்தின் பெயர் 'நிலகிரிகும்'. செண்பகம் 'மக்னோலியா நிலகிரிகா'. ஒரே மலைப்பெயர், ஒரே அடைச்சொல். ஒன்று அலிப்பாலுக்கும் மற்றது பெண்பாலுக்கும் இசைந்து நிற்கிறது.

குறிஞ்சிக்கு வாய்த்த மூன்று விகுதிகள்

பாலின் ஆட்சியை முழுமையாகக் காண நம் நீலக்குறிஞ்சியைவிடச் சிறந்த சான்று இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவையே நீலமாக்கும் செடி இது. கொடைக்கானலில் 2006-இலும் 2018-இலும் பூத்தது. நம் இலக்கியத்தில் இது ஒரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கத்துக்கும் பெயர் தந்தது.

ஜெர்மானியத் தாவரவியலார் நேஸ் ஃபான் எசென்பெக் 1832-இல் இதற்கு 'ஃப்ளெபோஃபில்லும் குந்தியானும்' என்று பெயர் வைத்தார். அந்தப் பேரினப் பெயரின் இறுதியில் நிற்பது இலை என்ற பொருளுடைய கிரேக்கச் சொல், அது அலிப்பால். ஆகவே குந்தியானும். பிற்காலத்தில் இச்செடி 'ஸ்ட்ரோபிலாந்தெஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: ஸ்ட்ரோபிலாந்தெஸ் எந்தப் பால்? அதன் இறுதியில் இருப்பது பூவைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆங்கிலேயர் காலத் தாவரநூல்கள் அதை ஆண்பாலாகக் கொண்டு 'குந்தியானுஸ்' என்று எழுதின. பின்னர் பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு ஒரு முடிவு சொன்னது: 'ஆந்தெஸ்' என்று முடியும் பேரினப் பெயர்கள் அனைத்தும், பெயர் வைத்தவர் எந்தப் பாலில் கையாண்டிருந்தாலும், பெண்பாலாகவே கொள்ளப்படும். எனவே இன்று சரியான பெயர் 'ஸ்ட்ரோபிலாந்தெஸ் குந்தியானா'.

குந்தியானும், குந்தியானுஸ், குந்தியானா. ஒரே செடி, மூன்று பால்கள், மூன்று விகுதிகள். இவற்றைத் தனித்தனிச் செடிகள் என்று எண்ணிப் பட்டியலில் இரண்டு முறை எழுதினால் அந்தப் பட்டியலே பிழையாகிவிடும். விகுதியின் காரணம் தெரிந்தவருக்கு இந்தக் குழப்பம் வராது. பாலுக்கேற்ப விகுதியைத் திருத்தினால் அது புதுப் பெயராகாது. பெயர் வைத்தவரும் மாறார், ஆண்டும் மாறாது என்பதையும் விதி தெளிவாகச் சொல்கிறது.

குறிஞ்சி இனத்திலேயே மற்றொரு சான்று உண்டு. டச்சுத் தாவரவியலார் பிரெமெகாம்ப் 1944-இல் ஸ்ட்ரோபிலாந்தெஸைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது, நீலகிரியின் பெயரால் 'நில்கிரியாந்துஸ்' என்ற பேரினத்தை அமைத்தார். 'ஆந்துஸ்' ஆண்பால். அதனால் மருந்துச் செடியான ஒரு குறிஞ்சி அங்கே 'சிலியாட்டுஸ்' ஆனது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்தப் பிரிவை ஏற்காமல் மீண்டும் ஸ்ட்ரோபிலாந்தெஸோடு சேர்த்தபோது அது 'சிலியாட்டா' ஆனது. மருந்து மூலிகைப் பட்டியல்களில் இரண்டு பெயர்களும் இன்றும் உலவுகின்றன. செடி ஒன்றே.

குந்தியானா என்ற சொல் சைலண்ட் வேலியின் குந்தி ஆற்றிலிருந்து வந்தது என்ற கதையும் பரவலாக இருக்கிறது. இலக்கணம் வேறு திசையைக் காட்டுகிறது. ஆறு, மலை, ஊர் ஆகியவற்றின் பெயரிலிருந்து அடைச்சொல் அமைக்கத் தாவரவியலார் பெரும்பாலும் 'என்சிஸ்' விகுதியையே நாடுவர். மெய்யெழுத்தில் முடியும் ஆட்பெயரோடு சேர்வது 'இயானுஸ், இயானா, இயானும்'. நேஸின் காலத்தில் பெர்லினில் வாழ்ந்த புகழ்பெற்ற தாவரவியலார் கார்ல் குந்த். ஹும்போல்ட் தென்னமெரிக்காவில் திரட்டிய செடிகளை விவரித்தவர். விகுதி நம்மை அவரிடம்தான் அழைத்துச் செல்கிறது.

ஆறாம் வேற்றுமை: யாருடையது?

ஒருவரின் நினைவாகப் பெயர் வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இப்போது பார்த்த அடைச்சொல் வழி. மற்றது ஆறாம் வேற்றுமை வழி. பிரெஞ்சு இயற்கையியலார் லெஷெனோவின் பெயரை இம்மலையின் இரண்டு செடிகளில் காணலாம். புல்வெளிகளில் ஆளுயரம் வளரும் 'லோபெலியா லெஷெனோல்டியானா' அடைச்சொல் வழி. பேரினம் பெண்பால் ஆதலால் 'ஆனா'. 'அரிசேமா லெஷெனோல்டியி' ஆறாம் வேற்றுமை வழி. லெஷெனோவினது அரிசேமா என்பது பொருள். இதில் பேரினத்தின் பால் விகுதியைத் தொடுவதில்லை. செடி வேறு பேரினத்துக்கு மாறினாலும் 'லெஷெனோல்டியி' அப்படியே இருக்கும். ஒரு பெயரைப் பார்த்தவுடன் இது மாறும் சொல்லா மாறாச் சொல்லா என்று அறிய இந்த வேறுபாடு ஒன்றே போதும்.

இங்கே தமிழ் மாணவர் ஓர் அழகான எதிர்நிலையைக் காணலாம். நன்னூலார் ஆறாம் வேற்றுமைக்கு அது, ஆது, அ என்ற உருபுகளைச் சொல்கிறார். உடைமை ஒன்றானால் 'எனது கை'. பலவானால் 'என கைகள்'. ஆக நம் பழைய உருபு, உடைமைப் பொருளின் எண்ணைப் பார்த்து மாறுகிறது. லத்தீன் உருபோ உடையவரைப் பார்த்து மாறுகிறது. உடையவர் ஓர் ஆண் என்றால் 'இ', ஒரு பெண் என்றால் 'ஏ', ஆண்கள் அல்லது ஆணும் பெண்ணுமான பலர் என்றால் 'ஓரும்', பெண்கள் பலர் என்றால் 'ஆரும்'.

இதற்குப் பழனி மலை தரும் சான்று போர்ன் தம்பதியர். ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். அவரும் அவர் மனைவி எமிலி போர்னும் பழனி மலைகளில் செடிகளைத் திரட்டினார்கள். எமிலி அவற்றை வரைந்தார். பி. எஃப். ஃபைசன் 1915 முதல் 1920 வரை வெளியிட்ட நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரநூல் இவர்களின் உழைப்பில் பெரிதும் ஊன்றி நிற்கிறது. பழனி மலைக்கே உரிய ஒரு துளசிக் குடும்பச் செடிக்குத் தாவரவியலார் கேம்பிள் 'பிளெக்ட்ராந்துஸ் போர்னெயே' என்று பெயர் வைத்தார். 'ஏ' விகுதி, ஒரு பெண்ணினது. ஒரு புல்லினத்துக்குத் தாவரவியலார் ஃபிஷர் 'இசாக்னே போர்னெயோரும்' என்று பெயர் வைத்தார். 'ஓரும்', பலரது, கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வணங்கிய பெயர். போர்ன் என்ற குடும்பப் பெயரை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் அந்தப் பேராசிரியருக்கே உரியவை என்று எண்ணுவார். விகுதியைப் படிப்பவருக்கே எமிலி தெரிவார். அந்தக் காலத்தில் பெண்களின் அறிவியல் உழைப்பு எத்தனையோ முன்னுரைகளில் ஒரு நன்றிச் சொல்லாகச் சுருங்கிப்போயிற்று. இங்கே அது ஓர் அசையில் நிலைபெற்றிருக்கிறது. அந்த அசையைத் தவறவிடுவது அவரையே தவறவிடுவதாகும்.

இதே வேற்றுமைதான் 'எலேயோகார்ப்புஸ் பிளாஸ்கோயி' என்ற பெயரிலும் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணிசெய்த பிரான்சுவா பிளாஸ்கோவின் நினைவாக அமைந்த பெயர் அது. கொடைக்கானலின் பேர் சோலா என்ற சோலைக்காட்டோடு இணைத்துப் பேசப்படும் மிக அரிய மரம். வட்டக்கானலில் நாற்றங்கால் நடத்திய பாதுகாவலர்கள் இதன் கன்றுகளை வளர்த்துச் சோலைகளில் சேர்க்கப் பாடுபட்டார்கள்.

ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருநூலின் தலைப்பே ஒரு வேற்றுமைப் பாடம்: 'இகோனெஸ் பிளான்டாரும் இந்தியே ஓரியென்டாலிஸ்'. இகோனெஸ் எழுவாய்ப் பன்மை, படங்கள். பிளான்டாரும் ஆறாம் வேற்றுமைப் பன்மை, செடிகளது. இந்தியே ஓரியென்டாலிஸ் ஆறாம் வேற்றுமை ஒருமை, கீழை இந்தியாவினது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதில் உண்டு. அவற்றைத் தீட்டியவர்களுள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் முதன்மையானவர்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று பெயர் வைத்தார். ஆட்பெயரால் அமையும் பேரினப் பெயர்கள், அந்த ஆள் ஆணானாலும், பெண்பாலில் அமைவது மரபு. மக்னோல் என்ற ஆணிடமிருந்து மக்னோலியா வந்ததும் அவ்வாறே. ஆகவே அந்தச் சிற்றினம் 'கோவிந்தூயா நெர்வோசா' ஆயிற்று. பின்னர் அந்தப் பேரினம் வேறொன்றில் அடங்கிவிட்டது. ஆனால் விதிப்படி வெளியான பெயர் ஒருநாளும் அழிவதில்லை. ஒத்த பெயர்களின் வரிசையில் கோவிந்து இன்றும் இருக்கிறார். காட்டில் செடியைக் கண்டு கொண்டுவந்து கொடுத்த எத்தனையோ மலைவாழ் மக்களுக்கும் கூலியாட்களுக்கும் அந்த ஓர் அசையும் கிட்டவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. யாருக்கு ஆறாம் வேற்றுமை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அறிவியல் வரலாறே.

மலையும் மலைப்பெயரும்

இடப்பெயருக்கு வருவோம். 'சோனெரிலா புல்னெயென்சிஸ்', 'பிம்பினெல்லா புல்னெயென்சிஸ்', 'ஹோயா வைட்டியி' என்ற கொடியின் கிளையினமான 'பல்னியென்சிஸ்' ஆகியவை பழனி மலையின் பெயரைத் தாங்கியவை. 'என்சிஸ்' விகுதி ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. அலிப்பாலுக்கு மட்டும் 'என்சே'. வெண்ணிற எக்காளம்போல் பூக்கும் மலை லில்லி 'லிலியும் நெய்ல்கெர்ரென்சே' எனப்படுவது லிலியும் அலிப்பால் என்பதால்.

இப்பெயர்களில் பழனி என்ற ஊர்ப்பெயர் புல்னெய் என்றும் பல்னி என்றும் சிதைந்திருப்பது நம் காதை உறுத்தும். ஆங்கிலேயர் கேட்ட ஒலிப்பும் எழுதிய எழுத்தும் அப்படி. அதைத் திருத்த விதி இடம் தருவதில்லை; முதலில் எழுதிய வடிவமே நிலைக்கும். ஆனால் அதே பெயரின் விகுதியை, பால் பிழைபட்டிருந்தால், யாரும் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். பெயரின் உடல் வரலாற்றுக்கு உரியது. விகுதி இலக்கணத்துக்கு உரியது. சில வேளை ஒரு தமிழ்ச்சொல் விகுதியே ஏற்காமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. ஆனைமலை, பழனி மலைப் பகுதியின் ஓடைக்கரைகளில் வளரும் ஒரு காசித்தும்பை இனத்துக்குத் தாவரவியலார் பெட்டோம் வைத்த பெயர் 'இம்பாட்டியென்ஸ் தங்கச்சி'.

மலை என்ற லத்தீன் சொல்லையே ஒருமுறை வேற்றுமைப்படுத்திப் பார்ப்போம். மோன்ஸ், மலை, மோன்டெம், மலையை, மோன்டீ, மலைக்கு, மோன்டிஸ், மலையினது, மோன்டே, மலையால், மலையின், மலைக்கண். பன்மையில் மோன்டெஸ், மலைகள், மலைகளை, மோன்டியும், மலைகளது, மோன்டிபுஸ், மலைகளுக்கு, மலைகளில். இதில் தமிழ் மாணவர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எழுவாயில் மோன்ஸ் என இருப்பது, உருபு ஏற்கும்போது 'மோன்ட்' ஆகிறது. மரம் என்பது மரத்தை, மரத்துக்கு என்று வேறு உடல் எடுப்பதை அறிந்தவருக்கு இது இயல்பு. மலைவாழ் செடிகளுக்கு வரும் 'மோன்டானா' என்ற அடைச்சொல் இந்த உடலிலிருந்துதான் பிறக்கிறது.

இரண்டாவது, கடைசி வேற்றுமையான மோன்டே நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைச் சேர்த்துச் செய்கிறது. பழைய உலர்தாவரத் தாள்களில் 'இன் மோன்டிபுஸ்' என்று கண்டால் 'மலைகளில்' என்று பொருள்.

மூன்றாவது, லத்தீன் விவரிப்புகளில் 'ஃபோலியிஸ் ஓவாட்டிஸ், ஃப்ளோரிபுஸ் ஆல்பிஸ்' என்பது போன்ற தொடர்கள் வரும். முட்டைவடிவ இலைகளோடு, வெண்ணிறப் பூக்களோடு என்பது பொருள். நம் மூன்றாம் வேற்றுமையின் ஒடு, ஓடு உருபுகள் செய்யும் வேலையே இது. ஒருவர் இவ்வளவைக் கற்றால், நூறாண்டுப் பழைய விவரிப்பை அகராதியின் துணையோடு தாமே வாசிக்க முடியும். அதற்குப் பிறகு அவர் பிறர் எழுதிய சுருக்கத்தை நம்பி வாழ வேண்டியதில்லை.

வானத்திலும் அதே வேற்றுமை

கொடைக்கானலில் லத்தீன் செடிகளோடு நிற்கவில்லை. 1899-இல் சென்னை வானாய்வகத்தின் பணி இம்மலைக்கு மாறியது. 1909 சனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, புள்ளியின் புறவளையத்தில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகப் பாடநூல்கள் அதை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கின்றன. அந்தப் புள்ளியின் கருமையத்துக்கு 'உம்ப்ரா', அதாவது நிழல் என்று பெயர். புறவளையத்துக்கு 'பெனும்ப்ரா', ஏறத்தாழ நிழல். உம்ப்ரா பெண்பால் பெயர்ச்சொல், பன்மை 'உம்ப்ரே'. நிழலினது என்பதும் 'உம்ப்ரே'யே. எமிலி போர்னைச் சுட்டிய அதே 'ஏ' விகுதி இங்கே எழுவாய்ப் பன்மைக்கும் ஆறாம் வேற்றுமை ஒருமைக்கும் பொதுவாக நிற்கிறது. எதுவென்று தொடர்தான் சொல்லும். சூரியனின் ஒளித்திட்டுகளான 'ஃபாகுலே' என்பதும் இத்தகைய பன்மையே. ஒருமை 'ஃபாகுலா', சிறு தீப்பந்தம்.

விண்மீன்களுக்கும் ஆறாம் வேற்றுமைதான். திருவாதிரை வானியலாருக்கு 'ஆல்ஃபா ஓரியோனிஸ்', ஓரியோனினது முதல் மீன். சித்திரை 'ஆல்ஃபா விர்கினிஸ்', விர்கோவினது முதல் மீன். விர்கோ என்ற எழுவாய், உருபு ஏற்கும்போது 'விர்கின்' என்ற உடலை எடுக்கிறது. செடிக்குக் கற்ற இலக்கணம் வானுக்கும் செல்லும்.

செய்ய வேண்டியவை

இந்த அறக்கட்டளையின் வழியாக மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, தாவரவியல் இளங்கலை முதலாண்டில் லத்தீன் விகுதிகளுக்கென ஒரு சிறு பாடப்பகுதி வேண்டும். பால் மூன்று, ஆட்பெயர் விகுதிகள், இடப்பெயர் விகுதிகள், ஒரு பெயர்ச்சொல்லின் வேற்றுமைகள், இவை போதும். சில வகுப்புகளில் முடிந்துவிடும். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் மாணவர் செலவிடும் நேரத்தை அது குறைக்கும். புரிந்ததை யாரும் எளிதில் மறப்பதில்லை.

இரண்டு, அந்தப் பாடத்தைத் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் இணைந்து நடத்த வேண்டும். குறிப்பு வினைமுற்றையும் ஆறாம் வேற்றுமையையும் சாரியையையும் கற்பிக்கும் தமிழாசிரியரே லத்தீன் விகுதிக்கு மிகப் பொருத்தமான வழிகாட்டி. தமிழ் இலக்கணம் தேர்வோடு முடிந்துபோகும் பாடம் என்ற எண்ணம் அறிவியல் மாணவர்களிடம் வேரூன்றிவிட்டது. தங்கள் துறையின் நுழைவாயிலிலேயே அந்த இலக்கணம் பயன்படுவதை அவர்கள் காணும்போது அந்த எண்ணம் கரையும்.

மூன்று, பழனி மலைச் செடிப்பெயர்களுக்குத் தமிழில் ஒரு பொருளகராதி வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் சொற்பிரிப்பு, பால், வேற்றுமை, யாருடைய நினைவு, எந்த இடம் என்ற விவரம் இருக்கட்டும். கூடவே அந்தச் செடிக்கு இம்மலையின் பளியரும் புலையரும் பிற மக்களும் வழங்கும் பெயரையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் வடிவிலேயே பதிய வேண்டும். லத்தீன் விதித்தொகுப்பு அவர்களுக்கு இடம் தராமல் போயிருக்கலாம். நம் அகராதி தரட்டும். மேத்யூ அடிகளின் நூலும் செண்பகனூர் கல்லூரியின் செடித் தொகுப்பும் அடித்தளமாக ஏற்கெனவே இருக்கின்றன. இலக்கணம் அறிந்த சிலரும் மலை அறிந்த சிலரும் சேர்ந்து உட்கார்ந்தால் சில ஆண்டுகளில் முடியக்கூடிய வேலை இது. இந்த அறக்கட்டளை அதற்கு முதல் நிதியை ஒதுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணியில் என் பங்கை இன்றே ஒப்புக்கொள்கிறேன்.